லாபம், ஒண்ணு, ரெண்டு

அன்றைக்குக் கீழச்சிவல்பட்டிப் பெரிய வீட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்கார ஆச்சி, சமையல்காரர், தரை துடைக்கும் அக்கா, என் சின்னம்மா, நான். மாடியில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்ததால் அவரைச் சேர்க்கவில்லை. எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் எனக்கு அன்றிலிருந்தே ஒரு பயம் உண்டு. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. அந்த வருடம் சித்திரையில் திருப்பத்தூரிலிருந்து ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சித்தப்பா அவளுடைய தையல் மிஷினை விற்றுவிட்டார். எதற்காக விற்றார் என்பதை என் காதுபட யாரும் பேசவில்லை. மிஷின் போன பிறகு அவளிடம் மிஞ்சியது ஒரு குரோஷா ஊசி. நுனியில் கொக்கி வைத்த, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஊசி. விற்றால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் அது தப்பித்தது.

வந்து மூன்று மாதம் ஆனது. ஆடி கழிந்ததும் சித்தப்பாவின் அண்ணன் வந்து அவளைக் கூட்டிப்போவார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போனால் மறுபடி அந்த வீடு, அந்த மனிதர். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் நாலு பேர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர். ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கைவேலைன்னு ஒண்ணு நெலையா இருந்தா நான் பேசிக்கிருவேன். இல்லைன்னா எதைச் சொல்லி நிறுத்துறது?"

சின்னம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அம்மா அந்தப் பெரிய வீட்டுக்குத் தயிர் ஊற்றுவாள். ஈ விழாமல் இருக்கத் தயிர்ச் செம்பின் மேல் சின்னம்மா உல்லன் நூலில் போட்ட ஒரு மூடி இருக்கும். ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று விசாரித்திருக்கிறார். வீட்டில் பாதியை அவர் வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு விட்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் போட வட்ட விரிப்பு நாற்பத்தெட்டு வேண்டும் என்றார். ஒன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய். நூல் வாங்க முன்பணம் அறுநூறு. இது நன்றாக அமைந்தால் மாதாமாதம் ஏதாவது வேலை தருவதாகவும் சொன்னார். சின்னம்மா அந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அப்பா இருக்கும்போது சொன்னாள்.

காரைக்குடியில் போய் நூல் வாங்கிவந்தோம். இருப்பதிலேயே மலிவான ரகம், பந்து பன்னிரண்டு ரூபாய். அரக்கு, பச்சை, மஞ்சள். அப்பா ஒரு பந்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"இந்த வெயிலுக்குக் கம்பளியா? தட்டுக்குக் குளிருதாமா?"

"இது ஆட்டு ரோமம் இல்லை மச்சான், சாயத் தண்ணியில பொறந்த நூலு. அடுப்புப் பக்கம் கொண்டு போனா உருகிரும்" என்றாள் சின்னம்மா. சூடான பாத்திரம் வைக்கக் கூடாது என்பதை ஆச்சியிடமும் அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். 

வேலை பெரிய வித்தை இல்லை. நடுவில் ஆறு கண்ணி, அதாவது ஊசியால் இழுத்த நூல் வளையம். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு. இதுவரை வரும் சின்ன வட்டத்துக்குச் சின்னம்மா வைத்த பெயர் பொட்டு. நாற்பத்தெட்டுப் பொட்டையும் முதலிலேயே போட்டு ஒரு டிபன் டப்பாவில் அடைத்து வைத்துவிட்டாள். அதற்கு மேல் மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணி ஒற்றையாக, அடுத்ததில் இரட்டை. நாலாம் சுற்றில் இரண்டு ஒற்றை, பிறகு ஓர் இரட்டை. ஐந்தாம் சுற்றில் மூன்று ஒற்றை. இப்படிச் சுற்றுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். எண்ணிக்கை சரியாக இருந்தால் வட்டம் தரையோடு படுக்கும். இரட்டை அதிகமானால் ஓரம் நெளியும். குறைந்தால் குழிந்துவிடும்.

சின்னம்மா எண்ணும்போது ஒண்ணு என்று சொல்லமாட்டாள். லாபம், ரெண்டு, மூணு என்பாள். எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது அப்படித்தான் எண்ணுவார்கள். முதல் மரக்காலை லாபம் என்று உரக்கச் சொல்லிக் கொட்டுவார்கள். ஒவ்வோர் இரட்டைக்குப் பிறகும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதால், ஒரு விரிப்பு முடிவதற்குள் சின்னம்மா வாயிலிருந்து ஐம்பது அறுபது லாபம் விழுந்துவிடும். லாபத்தை மட்டும்தான் உரக்கச் சொல்வாள், மீதி வாய்க்குள் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே நான் ஊசி பிடிக்கப் பழகியிருந்தேன்.

முப்பத்தாறு முடிந்தபோது அவளுக்குக் கண் வலி வந்தது. மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, காலையில் இமையைப் பிரிக்க முடியவில்லை. அம்மா அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். நூல், ஊசி, விரிப்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. வெள்ளைக்காரனுக்குக் கண் வலி வந்தால் பழி நம் மேல்தான் விழும் என்றாள். வீட்டில் ஒருத்தருக்குக் கண் வலி என்றால் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு விரிப்பு பாக்கி. ஆச்சி சொன்ன கெடுவுக்கு இருந்தது ஆறு நாள். ஊசி என் கைக்கு வந்தது.

சின்னம்மா கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே பாடம் நடத்தினாள்.

"எத்தனாவது சுத்துடி?"

"நாலு."

"அப்ப ரெண்டு ஒத்தை, அடுத்ததுல ரெட்டை. எண்ணு, எனக்குக் கேக்கணும்."

"லாபம்" என்று கத்தினேன்.

"ம், அப்படித்தான்."

அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடி, ஏலமா விடுற?" என்றாள். நான் மீதியை வாய்க்குள் எண்ணிக்கொண்டேன். லாபம், ஒண்ணு, ரெண்டு, ரெட்டை.

இதில் என் புத்தி எப்படி ஓடியது என்பதைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை ஒன்றில் தொடங்கும். அதை விட்டால் அடி விழும். வீட்டில் லாபத்தில் தொடங்கும். அதை விட்டால் ஆகாது என்பார்கள். இரண்டில் எதையும் விட எனக்குத் துணிச்சல் இல்லை. அப்பா களத்தில் கூலி நெல் அளக்கும்போது லாபம் என்று கொட்டுவது கூலிக்கு மேல் சும்மா கொடுப்பது என்று நான் நம்பியிருந்தேன். அவ்வளவு சத்தமாகச் சொல்வது கணக்குக்குள் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே லாபத்துக்கு ஒரு கண்ணி, ஒண்ணுக்கு ஒரு கண்ணி என்று சாமிக்கும் வாத்தியாருக்கும் குறை வைக்காமல் போட்டேன். இரட்டை விழ வேண்டிய இடம் ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணி தள்ளிப்போனது.

விரிப்பு குழிந்தது. முதலில் தாம்பாளம் மாதிரி இருந்தது, பிறகு கிண்ணம் மாதிரி. அம்மா ஒன்றை எடுத்துப் பால் செம்பில் கவிழ்த்து, "மூடிக்கு எம்புட்டு அமைப்பா இருக்கு" என்றாள். நான் ஏதோ பழகுவதற்குப் போட்டது என்று நினைத்துவிட்டாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். ஆனால் எண்ணிக்கை சரி. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருந்தது. ஆகவே தப்பு நூலில்தான் என்று முடிவு கட்டினேன். மலிவு நூல், அப்படித்தான் சுருளும். இரவு அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தேன். காலையில் எடுத்தபோது தோசை மாதிரி படிந்திருந்தது. நான் பல் விளக்கி வருவதற்குள் ஓரம் மெல்ல எழும்பிக்கொண்டது.

கதவுக்குப் பின்னாலிருந்து சின்னம்மா கேட்டாள்.

"தட்டையா வருதாடி?"

அப்போது பன்னிரண்டும் மூட்டைக்கு அடியில் இருந்தன. "தட்டையாத்தான் இருக்கு" என்றேன். அந்த நேரத்துக்கு அது உண்மை.

கெடு நாள் காலையில் சின்னம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்தது. நான் அதற்குள் பன்னிரண்டு பன்னிரண்டாக நாடா வைத்துக் கட்டி, நான் பின்னிய பன்னிரண்டும் இருந்த கட்டைப் பைக்குள் அடியில் போட்டு, மேலே மூன்று கட்டையும் வைத்து அமுக்கியிருந்தேன். "எண்ணிட்டியா?" என்றாள். "எண்ணிட்டேன்" என்றேன். பஸ்ஸில் பை என் மடியில் இருந்தது. என்னால் முடிந்த மட்டும் அமுக்கிக்கொண்டே போனேன்.

இனி அந்த ஐந்து பேர். ஆச்சி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். அந்தக் கூடத்துத் தரையில் ஆத்தங்குடிப் பூக்கல். நூலின் அரக்கும் பச்சையும் அந்தப் பூவோடு நன்றாகவே சேர்ந்தன. தரை துடைக்கும் அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஆச்சி வாய்விட்டு எண்ணினார்.

"லாபம். ரெண்டு. மூணு."

ஒண்ணு எங்கே? நான் அவர் வாயையே பார்த்தேன். வேகத்தில் விழுங்கிவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாவது கட்டைப் பிரித்தார். மறுபடி லாபம், உடனே ரெண்டு. லாபத்துக்கும் ரெண்டுக்கும் நடுவில் ஓர் ஈ நுழையக்கூட இடம் இல்லை. மேசையில் லாபத்துக்கு ஒரே ஒரு விரிப்புதான் இருந்தது. அதுவேதான் ஒண்ணு. மூன்றாவது கட்டும் முடிந்தது. முப்பத்தாறு. ஆச்சி பைக்குள் கைவிட்டு நாலாவதை எடுத்து நாடாவை உருவினார்.

பன்னிரண்டும் எழுந்து உட்கார்ந்தன.

சமையல்காரர்தான் முதலில் ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"என்ன ஆச்சி, என் தலைக்கு அளவெடுத்துட்டுப் போனது மாதிரியில்ல போட்டிருக்காக!"

தரை துடைக்கும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆச்சி சிரிக்கவில்லை. "ஏந்தா, இதுல தட்டை வச்சா ஊஞ்சலுல்ல ஆடும்?" என்றார்.

சின்னம்மா ஒன்றை எடுத்து, கண்ணாடிக்குக் கிட்டத்தில் பிடித்து, நகத்தால் கண்ணிகளைத் தள்ளித் தள்ளி எண்ணினாள். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கண்ணாடி கறுப்பு என்பதால் எப்படிப் பார்த்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"என் கைதான் ஆச்சி. கண்ணு தெரியாமப் போட்டுட்டேன்."

ஆச்சி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. என் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு சிவப்பாக இருந்தது.

"நீ எண்ணு பாப்பம். இந்த மேசையில எத்தனை நாற்காலி?"

பொய்யாக எண்ணத் தெரிந்திருந்தால் எண்ணியிருப்பேன். வாய் பழகியதைச் சொல்லிவிட்டது. "லாபம், ஒண்ணு, ரெண்டு..."

இப்போதுதான் ஆச்சி சிரித்தார். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடி ஆத்தே! லாபத்தையும் வாங்கிக்கிட்டு ஒண்ணையும் வாங்கிக்கிறியே! ஒங்கப்பன் இப்படி நெல்லு அளந்தா, ஊரு சனம் பூராவும் அவுககிட்டத்தானடி வேலைக்கு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாடியில் வெள்ளைக்காரர் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. சின்னம்மா மட்டும் சிரிக்காமல், பன்னிரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அவை மிகவும் பொருத்தமாக அடங்கின.

ஆச்சி முப்பத்தாறுக்குக் கணக்குப் பார்த்து, முன்பணத்தைக் கழித்து, அறுநூற்று அறுபது கொடுத்தார். பன்னிரண்டையும் சரிபண்ணிக்கொண்டு வா என்றார். மாதாமாதம் வேலை என்ற பேச்சு வரவில்லை. சின்னம்மாவும் கேட்கவில்லை.

வீட்டில் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். பன்னிரண்டையும் அவிழ்த்தோம். மலிவு நூலை ஒருமுறை பின்னி அவிழ்த்தால் சேமியா மாதிரி சுருண்டுவிடும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்துக் காயவைத்து, மறுபடி பந்தாக்கினோம். அவளே உட்கார்ந்து ஐந்து நாளில் போட்டாள். தட்டையாகத்தான் வந்தன. ஆனால் பிசிறு தெரிந்தது. புதியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு வருடம் துவைத்தவை போல இருந்தன.

ஆச்சி அவற்றை வாங்கிக்கொண்டார். பிசிறைத் தடவிப் பார்த்துவிட்டு, நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

"இதுக்கு நானூத்தி இருபது. நிக்கட்டும். கணக்கை ஒரேயடியா முடிச்சுட்டா நீ வந்த வழியில போயிருவ."

"சரி ஆச்சி" என்று சின்னம்மா எழுந்துவிட்டாள். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. எனக்கு அது தாங்கவில்லை. என் தப்புக்கு ஆச்சி அபராதம் போட்டுவிட்டார் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது.

ஆடி கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் அண்ணன் வருகிறார் என்று தகவல் வந்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தப் பணத்தை வாங்கிச் சின்னம்மா கையில் கொடுத்துவிட்டால், அவள் அதை அப்பாவிடம் காட்டுவாள், அப்பா பேசிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் கீழச்சிவல்பட்டிக்கு நடந்தே போனேன்.

ஆச்சி வெயிலில் வற்றல் பிரட்டிக்கொண்டிருந்தார். நானூற்று இருபதைக் கேட்டேன்.

"ஒஞ்சின்னம்மா அனுப்பிச்சாளா?"

"இல்லை."

"அவ கேக்க மாட்டா. அவ வந்து கேட்டா அன்னைக்கே எண்ணிக் குடுத்துருவேன்னு அவளுக்குத் தெரியும்."

நான் அழுதேன். ஆச்சி உள்ளே போய் இரண்டு சீயம் கொண்டுவந்து கொடுத்தார். கோபத்தில் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். பசி, தின்றுவிட்டேன். உலகத்திலேயே கல்நெஞ்சுக்காரி அவர்தான் என்று நினைத்தபடி திரும்பி நடந்தேன்.

மறுநாள் சித்தப்பாவின் அண்ணன் வந்தார். திருப்பத்தூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர், மரியாதையான ஆள். காபி குடித்துவிட்டு, "கெளம்புத்தா, எல்லாம் பேசிக்கிரலாம்" என்றார். சின்னம்மா கதவு ஓரம் நின்றாள். கண்ணாடி இல்லை, கண் நன்றாகத் தெளிந்திருந்தது.

"வாரேன் பெரிய மச்சான். பெரிய வீட்டு ஆச்சிகிட்ட ஒரு கணக்கு நிக்குது. அது தீராம எப்புடி வர்றது?"

"எம்புட்டு?"

"நானூத்தி இருபது."

அவர் சட்டைப் பையில் கைவைத்தார். "இதுக்குத்தானா? நான் தாரேன்."

"நீங்க குடுத்தா அது ஒங்க காசு. ஆச்சி குடுத்தாத்தான கணக்குத் தீரும்."

அவர் கை பையிலேயே நின்றது. அப்பா தொண்டையைச் செருமினார். "செட்டியார் வீட்டுக் கணக்கு. பாக்கி வச்சிருக்காகன்னா வேலை வச்சிருக்காகன்னு அர்த்தம். நடுவுல வெட்டிட்டுப் போனா நம்ம பேருல்ல கெட்டுப்போகும்? கடை வச்சிருக்கீக, ஒங்களுக்குத் தெரியாததா?"

கடைக்காரருக்குத் தெரிந்துதான் இருந்தது. கையை வெளியே எடுத்தார். "எப்பத் தீரும்?" என்றார்.

"ஆச்சிதான் சொல்லணும்" என்றாள் சின்னம்மா.

அவர் இன்னொரு காபி குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே போனார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நல்லவேளை, நேற்று ஆச்சி பணத்தைக் கொடுக்கவில்லை என்று நினைப்பதற்குக்கூட எனக்கு அப்போது தெரியவில்லை. சின்னம்மா போகவில்லை என்பதில் சந்தோஷப்பட்டேன். நானூற்று இருபது வரவில்லையே என்று கவலைப்பட்டேன். இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து ஆச்சி சொல்லி அனுப்பினார். டம்ளர் மூடி அறுபது. பிறகு நாற்காலி விரிப்பு. பிறகு வாசலுக்குத் தொங்கல். எல்லாவற்றுக்கும் காசு அன்றன்றைக்கே கைக்கு வந்தது. தீபாவளிக்கு வந்தபோது சித்தப்பாவின் அண்ணன், "தீந்துச்சா?" என்றார். "இன்னும் இல்லை மச்சான்." பொங்கலுக்கும் கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. மூன்றாம் வருடம் சின்னம்மா தவணையில் ஒரு தையல் மிஷின் வாங்கினாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இப்போது ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் பூக்கல்லை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் வேலை. ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தடவை எண்ணுகிறேன். ஒருமுறை லாபத்தில் தொடங்கி, ஒருமுறை ஒன்றில் தொடங்கி. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஆணி அடிக்க விடுவேன். மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார்.

ஆச்சிக்கு வயதாகிவிட்டது, நடமாட்டம் குறைந்துவிட்டது. போன மாதம் சின்னம்மாவிடம் என் கவலையைச் சொன்னேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு, நான் வேண்டுமானால் பக்குவமாகப் போய்ச் சொல்லட்டுமா என்றேன்.

சின்னம்மா ஊசியை நிறுத்தவில்லை. "கேட்டுக் கீட்டு வாங்கிப்புடாத" என்றாள். கொஞ்சம் பயந்த மாதிரிகூட இருந்தது.

ஆச்சியின் நோட்டில், சின்னம்மா பெயருக்கு நேரே, இன்றைய தேதிக்கு நிற்கும் பாக்கி ரூபாய் நானூற்று இருபது.